ஆக்டேன் ஏறின கதை: நாக்கிங் நின்னது எஞ்சின்ல, ஈயம் ஏறினது யார் ரத்தத்துல?

1/
போன வாரம் ஏனாத்தூர்ல டீ குடிச்சிட்டு இருந்தேன். தெருவுல பழக்கமான தம்பி ஒருத்தர் கையில ஒரு சின்ன பாட்டிலோட வந்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ கார் எடுத்திருக்கார்.

"டாக்டர்ணா, இது ஆக்டேன் பூஸ்டராம். டேங்க்ல ஊத்தினா வண்டி பறக்கும்ங்கிறாங்க. ஊத்தலாமா?"

கார் சந்தேகத்தை டாக்டர்கிட்ட கேக்கலாமான்னு நீங்க சிரிக்கலாம். ஆனா பெட்ரோலோட ஆக்டேனை ஏத்தின வரலாறு பாதி மெக்கானிக் கதைன்னா மீதி பாதி மருத்துவக் கதை. அந்த மீதி பாதியைத்தான் இந்த இழையில சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல நாக்கிங்னா என்ன?

பெட்ரோல் எஞ்சின்ல காத்தும் பெட்ரோலும் கலந்த கலவையை பிஸ்டன் மேல வந்து அழுத்தும். சரியான நொடியில ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். தீ ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு சீரா பரவி பிஸ்டனைக் கீழே தள்ளணும். அழுத்தமும் சூடும் அதிகமானா, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மிச்சக் கலவை தானாவே வெடிச்சிடும். "டக் டக்"னு சத்தம் வரும். அதுதான் நாக்கிங்.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். நாடா மறுபக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள பலகையை இழுத்து அடிச்சா என்ன ஆகும்? நாடா இழைக்குள்ள சிக்கும், இழை அறும். எஞ்சினும் அப்படித்தான். வேலை சரிதான், ஆனா நேரம் முந்திடுச்சு. நாக்கிங் விடாம அடிச்சா பிஸ்டனே சேதமாகும்.

3/
பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்னு சொல்ற எண்தான் ஆக்டேன். 1926-ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அளவுகோலைக் கொண்டு வந்தார். நல்லா தாங்குற ஐசோ-ஆக்டேனுக்கு 100, சுத்தமா தாங்காத ஹெப்டேனுக்கு 0. நம்ம பங்க்ல இத்தனை வருஷம் கிடைச்ச சாதா பெட்ரோல் 91.

ஒரு விஷயத்தை இங்கேயே குறிச்சு வச்சுக்குங்க. ஆக்டேன் கூடினா பெட்ரோலுக்குள்ள சக்தி கூடுதுன்னு அர்த்தம் இல்ல. அழுத்தம் தாங்கும்னுதான் அர்த்தம். அதிகமா அழுத்துற எஞ்சினுக்குத்தான் அதனால லாபம். ரேஸ் கார், டர்போ கார், விமானம் எல்லாம் இந்த ரகம்.

4/
இப்ப 1921-க்குப் போவோம். அமெரிக்காவில் டேட்டன் நகரம், ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடம். சார்லஸ் கெட்டரிங் தலைமையில தாமஸ் மிட்ஜ்லி என்ற எஞ்சினியர் நாக்கிங்குக்கு மருந்து தேடிட்டு இருக்கார். அயோடின், அனிலின், செலீனியம், டெல்லூரியம்னு ஒவ்வொண்ணா கலந்து பார்க்கிறார். டெல்லூரியம் வேலை செஞ்சது. ஆனா அதோட பூண்டு மாதிரி நாத்தம் உடம்பை விட்டே போகல.

டிசம்பர் 9, 1921 அன்னிக்கு டெட்ரா எத்தில் லெட் கலந்தாங்க. அதாவது காரீயத்தோட ஒரு கரிமச் சேர்மம். நாக்கிங் நின்னு போச்சு. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 3 கிராம் அளவு போதும்.

5/
வேற வழி இல்லாம ஈயத்துக்குப் போனாங்களா? இல்ல.

ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் நிற்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். அதே 1921-ல் எஞ்சினியர்கள் கூட்டத்துல மிட்ஜ்லியே ஆல்கஹால் கலந்த எரிபொருளைக் காட்டினார். ஆனா ஆல்கஹாலை எந்த விவசாயியும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்கி பூட்டி வைக்க முடியாது. நிறைய அளவும் கலக்கணும். ஈயம் துளி போதும், விலையும் மலிவு, காப்புரிமையும் கிடைக்கும்.

ஈயம் விஷம்ங்கிறதும் அப்போ புதுசு இல்ல. ரோமானியர் காலத்துலயே தெரிஞ்ச விஷம் அது.

6/
1923 பிப்ரவரியில டேட்டன்ல விற்பனை ஆரம்பம். பேரு "எத்தில்". பேர்ல எங்கேயாவது ஈயம் தெரியுதா? தெரியாது. அதுதான் விஷயம்.

அதே வருஷம் மே மாசம் இண்டியானாபொலிஸ் 500 ரேஸ். முதல் மூணு இடத்துல வந்த கார்களும் ஓடினது எத்தில் பெட்ரோல்ல. அதை விட பெரிய விளம்பரம் வேணுமா? ரேஸ்ல ஜெயிச்சதை வீட்டு வண்டிக்கும் ஊத்தணும்னு ஜனங்களுக்கு ஆசை வரும். அன்னிக்கும் அப்படித்தான். சென்னை போற வழியில இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கைப் பாத்துட்டு வர்ற நம்ம பசங்களுக்கு இன்னிக்கும் அப்படித்தான்.

7/
அடுத்து நடந்ததைக் கவனிங்க.

அக்டோபர் 1924. நியூ ஜெர்சியில ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியோட பேவே ஆலை. டெட்ரா எத்தில் லெட் தயாரிக்கிற தொழிலாளர்கள் திடீர்னு பிதற்ற ஆரம்பிச்சாங்க. இல்லாத பூச்சிகளைக் கையால பிடிச்சாங்க. வலிப்பு வந்தது. சிலரைக் கட்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. 5 பேர் இறந்தாங்க, 30 பேருக்கு மேல படுக்கையில. பத்திரிகைகள் அதுக்கு "பைத்தியக்கார வாயு"ன்னு பேர் வச்சது. டேட்டன்லயும், டியூபாண்ட் கம்பெனி ஆலையிலயும் சாவுகள்.

மருத்துவக் காரணம் இதுதான்: இந்தச் சேர்மம் கொழுப்புல கரையும். அதனால தோல் வழியாவே உள்ளே இறங்கும். நேரா மூளைக்குப் போகும்.

8/
சாவு நடந்த அதே அக்டோபர் மாசக் கடைசி. மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டார். அவங்க கண்ணு முன்னாடி அந்தத் திரவத்துல கையைக் கழுவினார். பாட்டிலை மூக்குக்குக் கீழ வச்சு ஒரு நிமிஷம் முகர்ந்தார். தினமும் இப்படிச் செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னார்.

அவர் சொல்லாம விட்டது ஒண்ணு. அதுக்கு முந்தின வருஷம், 1923-ல், ஈய விஷம் ஏறி ஃப்ளோரிடாவுக்குப் போய் வாரக் கணக்கா ஓய்வு எடுத்தவர் அவரேதான்.

9/
மே 20, 1925. அமெரிக்க அரசோட தலைமை சுகாதார அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள். எதிர்ப்பக்கம் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன், ஹார்வர்டின் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். தொழில்சார் நோய்கள்ல அன்னிக்கு அவங்களை மிஞ்சின டாக்டர் கிடையாது.

அவங்க கேட்டது ரொம்ப எளிமையான விஷயம். ஆலைக்குள்ள 50 பேரைப் பாதுகாக்கலாம். தெருவுல கோடிக்கணக்கான பேர் மேல ஈயத்தைத் தூவினா யார் பாதுகாப்பாங்க?

குழு அமைச்சாங்க. டிரைவர்கள், கராஜ் ஆட்கள்னு 250 பேரைச் சில மாசம் பார்த்தாங்க. 1926 ஜனவரியில "தடை செய்யப் போதிய காரணம் இல்லை"ன்னு அறிக்கை வந்தது. நீண்ட காலப் பழக்கத்துல வேற மாதிரி தெரிய வரலாம், ஆய்வு தொடரணும்னும் அதே குழு எழுதி வச்சது. அந்த வரியை யாரும் சீண்டல. விற்பனை திரும்ப ஆரம்பிச்சது.

10/
அடுத்த 40 வருஷம் இந்த ஆய்வு பெரும்பாலும் கம்பெனிப் பணத்துலயே நடந்தது. அதோட தலைவர் டாக்டர் ராபர்ட் கீஹோ. ஆமா, எங்க ஆள்தான், ஒரு மருத்துவர்.

அவரோட வாதம்: "கெடுதல்னு நிரூபிச்சுக் காட்டு, நிறுத்துறோம்." ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரைக்கும் பிரச்சனை இல்லைன்னு சொல்லிட்டு இருந்தார்.

கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா யோசிங்க. நிரூபணம்னா என்ன? குழந்தைகளுக்குப் பாதிப்பு வந்து, அதை யாராவது அளந்து, கட்டுரையா எழுதணும். அதாவது சோதனை எலி நம்ம பிள்ளைங்க. ஒரு மாத்திரையை இப்படி விற்க விடுவோமா? பாதுகாப்பானதுன்னு கம்பெனிதான் முதல்ல காட்டணும்போம். பெட்ரோலுக்கு மட்டும் தலைகீழ்.

11/
ஈயம் உடம்புல என்ன செய்யும்? சுருக்கமா சொல்றேன்.

உடம்பு அதைக் கால்சியம்னு நினைச்சு ஏமாறும். அதனால எலும்புல போய் உக்காந்து பல பத்து வருஷம் இருக்கும். கர்ப்ப காலத்துல அம்மாவோட எலும்புல இருந்து கரைஞ்சு வயித்துல இருக்குற குழந்தைக்குப் போகும். நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதைக் கெடுக்கும். ரத்தம் ஊறுறதைத் தடுக்கும்.

பெரியவங்க வயித்துக்குள்ள போற ஈயத்துல 10-ல் 1 பங்குதான் ரத்தத்துக்குப் போகும். சின்னப் பிள்ளைக்குப் பாதி வரைக்கும் போகும். இரும்புச்சத்து குறைவா இருந்தா இன்னும் அதிகம். தவழ்ந்து, தரையைத் தொட்டு, விரலை வாயில வைக்கிற வயசு வேற.

காய்ச்சல் மாதிரி காட்டிக் கொடுக்காது. "பையன் மந்தம்", "பொண்ணு ஒரு இடத்துல உக்கார மாட்டா", "கணக்கு வரல"ன்னு நாம பிள்ளைங்களையே திட்டிட்டு இருப்போம்.

12/
இந்தச் சுவரை உடைச்சது ரெண்டு பேர்.

கிளேர் பேட்டர்சன். பூமியோட வயசைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானி. அதுக்காக ஈயத்தை அளக்கப் போனவர், எங்க பார்த்தாலும் ஈயம் ஒட்டியிருக்கிறதைப் பார்த்து அதிர்ந்து போனார். இயற்கையா இருந்த அளவை விட மனுஷ உடம்புல பல மடங்கு ஏறியிருக்குன்னு 1965-ல் எழுதினார்.

அடுத்து டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேன். ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைகளோட விழுந்த பால் பற்களைச் சேகரிச்சு ஈயத்தை அளந்தார். பல்லுல ஈயம் அதிகம் இருந்த பிள்ளைங்க அறிவுத்திறன் சோதனையிலயும் கவனத்திலயும் பின்தங்கியிருந்தாங்க. வெளியான வருஷம் 1979. அந்தப் பிள்ளைங்க யாருக்கும் வெளியில ஒரு நோயும் தெரியல!

13/
ஆனா அமெரிக்காவுல ஈயமில்லாத பெட்ரோல் பரவலா வந்ததுக்கு உடனடிக் காரணம் குழந்தைங்க இல்ல. ஒரு உலோகப் பெட்டி.

1975 மாடல் கார்கள்ல புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் பட்டா அது செத்துடும். அதனால ஈயமில்லாத பெட்ரோல் பங்க்குக்கு வந்தது. பொட்டியோட ஆயுசுக்குக் கிடைச்ச மரியாதை பிள்ளைங்களுக்குக் கிடைக்க 50 வருஷம் ஆச்சு.

பலனைப் பாருங்க. 1970-களோட கடைசியில அமெரிக்க மக்களோட சராசரி ரத்த ஈயம் 12.8 மைக்ரோகிராம். 1990 வாக்குல 2.8. எந்த மாத்திரையாலயும் இப்படி ஒரு தேசத்தோட ரத்தத்தை மாத்தியிருக்க முடியாது.

14/
இப்ப நம்ம நாடு.

இந்தியாவுல 1994-க்கு முன்னாடி சாதா பெட்ரோல்ல லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். டெல்லி காற்று மாசு சம்பந்தமா எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துல நடந்தது. அதுக்குப் பிறகு படிப்படியா இறங்கினது:

ஜூன் 1994: டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னையில ஈயம் லிட்டருக்கு 0.15 கிராம்.
ஏப்ரல் 1995: அதே நாலு நகரங்கள்ல, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வச்ச புதுக் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல்.
1997: 0.15 கிராம் வரம்பு நாடு முழுக்க.
பிப்ரவரி 1, 2000: நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் மட்டும்.

15/
இந்தப் பட்டியல்ல காஞ்சிபுரம் எங்க இருக்குன்னு பாருங்க. சென்னைக்கு 1994-ல் வந்த பாதுகாப்பு, 75 கிலோமீட்டர் தள்ளி இருக்குற நமக்கு 1997-ல்தான் சட்டமா வந்தது. ஈயமே இல்லாத பெட்ரோல் 2000-ல்.

டீசல்ல எப்பவும் இந்தச் சரக்கு கிடையாது. பஸ், லாரியை இதுல குத்தம் சொல்ல முடியாது. மொபெட், ஸ்கூட்டர், பெட்ரோல் ஆட்டோ, கார். நம்ம தெருவுல ஓடினதுதான்.

நீங்க 1980, 90-கள்ல பிறந்தவரா? என்னை மாதிரியே நீங்களும் அந்தக் காத்தைச் சுவாசிச்ச தலைமுறை. யாரும் நம்மை அளக்கல.

16/
அளந்தவங்க இருக்காங்க. பெங்களூருவின் ஜார்ஜ் அறக்கட்டளை 1990-களோட கடைசியில சென்னை உள்பட ஏழு நகரங்கள்ல ரத்தப் பரிசோதனை செஞ்சது. 12 வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஈயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் இதுல முக்கியமான ஆள். ஈய விஷத்தைப் பத்திப் பேசிப் பேசியே வாழ்க்கையைக் கழிச்சவர்.

மும்பையில அப்போ 61.8% பிள்ளைங்க அந்த வரம்புக்கு மேல. பெட்ரோல்ல ஈயம் நின்ன பிறகு அங்க நடந்த இன்னொரு ஆய்வுல 33.2%. கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சது.

17/
ஆனா மூணுல ஒரு பிள்ளை இன்னும் மிச்சம். ஏன்?

ஈயம் எரிஞ்சு காணாமப் போற சரக்கு இல்ல. புகையில வந்து ரோட்டோர மண்ணுல, வீட்டுத் தூசியில உக்காந்துடும். பெட்ரோல் தவிர வேற வழிகளும் இருக்கு.

தடைக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு, போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சென்னையில 3 முதல் 7 வயசு வரையான 756 பிள்ளைங்களைப் பரிசோதிச்சாங்க. சராசரி 11.4. ஈயம் அதிகமா இருந்த பிள்ளைங்களுக்கு வகுப்புல கவனக்குறைவும் நடத்தைச் சிக்கலும் அதிகம்னு ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடு காட்டியது. 2009-ல் வெளியான ஆய்வு இது.

18/
"பாதுகாப்பான அளவு"ன்னு டாக்டர்கள் சொன்னதோட வரலாறையும் பாருங்க. அமெரிக்காவுல 1960-ல் 60. அப்புறம் 40, 30, 25. 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5.

ஈயம் மாறல. நம்ம அறிவு வளர வளர எண் இறங்கிட்டே வந்தது. இன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது: பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியவே இல்ல.

2021 ஜூலையில அல்ஜீரியா கடைசியா நிறுத்தினது. அதோட உலகத்துல எந்த நாட்டு பங்க்லயும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் இல்ல. முதல் விற்பனையில இருந்து 98 வருஷம்.

19/
சரி, ஈயம் இல்லாம ஆக்டேன் எப்படி ஏறுது?

சுத்திகரிப்பு ஆலையிலேயே மூலக்கூறுகளை மாத்தி அமைச்சு ஏத்துறாங்க. 2020 டிசம்பர்ல இந்தியன் ஆயில் மதுரா ஆலையில இருந்து எக்ஸ்பி100-ங்கிற 100 ஆக்டேன் பெட்ரோலை இறக்கினது. ஈயம் கிடையாது.

இன்னொரு வழி எத்தனால். 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் 95. மைலேஜ் குறையுதா, பழைய வண்டிக்கு ஆகுமாங்கிற சண்டை தனி. நான் சொல்ல வர்றது வேற. இது 1921-லயே தெரிஞ்ச வழி. பெட்ரோல்ல ஆல்கஹால் கலக்க இந்தியாவுல 1948-லயே சட்டம் போட்டிருக்காங்க. வழி இருந்தது. லாபம் வேற பக்கம் இருந்தது.

20/
கதை முழுசா முடியல. பிஸ்டன் எஞ்சின் வச்ச சின்ன விமானங்களுக்கான 100 எல்எல் எரிபொருள்ல இன்னும் ஈயம் இருக்கு. அதுல அனுமதிச்ச உச்ச அளவு என்ன தெரியுமா? லிட்டருக்கு 0.56 கிராம். 1994-க்கு முன்னாடி நம்ம பெட்ரோல்ல இருந்த அதே வரம்பு.

ஈயத்துக்குப் பதிலா வந்ததெல்லாம் சாதுவும் இல்ல. பென்சீன் ஆக்டேனைக் கூட்டும், ரத்தப் புற்றுநோயையும் வரவழைக்கும். அதனாலதான் பெட்ரோல்ல அதை 1%க்குள்ள கட்டிப் போட்டிருக்காங்க.

21/
இப்ப தம்பியோட பாட்டிலுக்கு வருவோம்.

கடையில விற்கிற பல ஆக்டேன் பூஸ்டர்கள்ல இருக்குறது எம்எம்டி. மாங்கனீசு சேர்மம். இதைக் கொண்டு வந்ததும் அதே எத்தில் கம்பெனிதான்! மாங்கனீசு அதிகமா சுவாசிச்சா பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் விறைப்பும் வரும்னு சுரங்கத் தொழிலாளர்கள்கிட்ட மருத்துவம் ரொம்ப நாளாப் பார்த்திருக்கு. வண்டிக்கும் நல்லதில்ல. ஸ்பார்க் பிளக்ல செம்மண் நிறத்துல படியும்.

இன்னொரு வியாபார நுணுக்கம். பாட்டில்ல "30 பாயிண்ட் ஏறும்"னு போட்டிருந்தா 91, 121 ஆகாது. ஒரு பாயிண்ட்னா 0.1. ஏறுறது 3 ஆக்டேன்தான்.

22/
தம்பிக்கு நான் சொன்ன பதில்:

"உன் வண்டி மேனுவல்ல என்ன ஆக்டேன் போட்டிருக்குன்னு பாரு. 91 போதும்னா அதுக்கு மேல ஊத்துறது காசுக்குக் கேடு. 95 கேட்டா பங்க்லயே 95 போடு. 100 வேணும்னா அதுவும் பங்க்ல இருக்கு. பாட்டில் வேணாம். உள்ளே என்ன இருக்குன்னே எழுதாத பாட்டில் வேணவே வேணாம். இணையத்துல 'ரேஸ் ஃப்யூவல்'னு ஈயம் கலந்தது கிடைச்சா தொடக்கூடாது. கன்வெர்ட்டரும் போகும், கையில பட்டாலே உள்ளே இறங்கும்."

தம்பி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பேரு பெருசா இருந்தது. உள்ளே என்ன இருக்குன்னு ஒரு வரி இல்ல. பழைய "எத்தில்" ஞாபகம்தான் வந்தது எனக்கு.

23/
உங்களுக்கு, குறிப்பா வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்குறவங்களுக்கு:

பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற இடத்துக்குப் பக்கத்துல பிள்ளைங்களை விளையாட விடாதீங்க. அந்த வேலை செய்றவங்க குளிச்சு உடை மாத்தின பிறகுதான் குழந்தையைத் தூக்கணும்.

பழைய சுவர், ஜன்னல் பெயிண்ட் உரிஞ்சா காய வச்சுச் சுரண்டாதீங்க, ஈரப்படுத்திச் சுரண்டுங்க. பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு நம்ம நாட்டுல 2017 நவம்பர்ல இருந்துதான்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்துல செய்யணும். அதுல காரீயம் கலந்திருந்தா புளித்தண்ணி அதை இழுத்து ரசத்துல விட்டுடும். எந்த ஈயம்னு உறுதியாத் தெரியலைன்னா அலமாரியில அழகுக்கு வைங்க.

பிள்ளைக்கு ரத்தசோகை இருந்தா சரி பண்ணுங்க. இரும்புச்சத்து நிறைஞ்ச உடம்பு ஈயத்தைக் குறைவா உள்ளே விடும். காரணம் புரியாத ரத்தசோகை, அடிக்கடி வயித்து வலி, பேச்சு தாமதம் இருந்து, வீட்டுக்குப் பக்கத்துல பேட்டரி மாதிரி தொழில் நடந்தா, ரத்த ஈயப் பரிசோதனை வேணுமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க.

24/
கடைசியா ஒண்ணு.

ஆக்டேனை ஏத்தினது தப்பே இல்ல. நல்ல எஞ்சின் வேணும், வேகம் வேணும், எல்லாம் சரி. தப்பு எங்க நடந்ததுன்னா, 1925-ல் அந்த அறையில. "நல்லதுன்னு நீ நிரூபி"ன்னு கம்பெனியைக் கேக்காம, "கெட்டதுன்னு நீ நிரூபி"ன்னு டாக்டர்களைத் திருப்பிக் கேட்டப்ப. அந்த ஒரு கேள்வி இடம் மாறினதுக்கு மூணு தலைமுறைப் பிள்ளைங்க விலை கொடுத்தாங்க.

அடுத்த முறை "இதனால கெடுதல்னு எந்த ஆதாரமும் இல்ல"ன்னு யாராவது எதையாவது நீட்டினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சரி, தேடிப் பார்த்தது யாரு? யாரோட காசுல?"

கார் வச்சிருக்கிற நண்பருக்கும், பிள்ளை வச்சிருக்கிற நண்பருக்கும் அனுப்புங்க.